குழு கிராஜுட்டி பாலிசி: மலையில் சிறு தொழில் நடத்துபவருக்கு எவ்வளவு தேறும்?

மார்ச் பிறந்துவிட்டால் ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலும் குன்னூர் பெட்ஃபோர்டிலும் கடைக்குக் கடை ஒரே பேச்சுதான்: "குழு கிராஜுட்டி பாலிசி எடுத்துடுங்க, கட்டுற பணம் முழுக்க செலவுக் கணக்குல போயிடும், வரி மிச்சம்." ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது முதலாளி கொடுக்க வேண்டிய பணிக்கொடைதான் கிராஜுட்டி; அதற்கு முன்கூட்டியே பணம் சேர்த்துவைக்க எல்ஐசியும் சில தனியார் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் இந்தப் பாலிசி நல்ல சரக்கு. பேக்கரி, சாக்லேட் தயாரிப்பு, லாட்ஜ், தேயிலை பேக்டரி என்று பத்திலிருந்து ஐம்பது பேர் வரை வைத்து நடத்துகிறவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஆனால் வாங்க வேண்டிய காரணம் விற்பவர் சொல்லும் காரணம் அல்ல. வரி மிச்சம் நீங்கள் எந்த வழியில் ரிட்டர்ன் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மலையில் பலருக்கு அந்த மிச்சம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. சிலருக்கு நூற்றுக்கு நாற்பதுதான் தேறும்.

முதலில் கடன் எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும். கிராஜுட்டி ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகும் கடன். 1972 ஆம் ஆண்டு கிராஜுட்டிச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்துவிட்டது. கடையோ லாட்ஜோ, முந்தைய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் பத்துப் பேர் வேலை பார்த்திருந்தால் போதும், கிராஜுட்டி பொருந்தும். பிறகு ஏழு பேராகக் குறைந்தாலும் விலக்கு கிடையாது. மே மாத சீசனுக்கு மட்டும் நான்கு பேரைக் கூடுதலாக வைத்துப் பத்தைத் தொட்டவர்களும் இதில் அடக்கம்.

கணக்கு எளிது. கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, அதைப் பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் போன கடைசிப் பகுதி ஒரு முழு ஆண்டாகக் கணக்காகும். உச்ச வரம்பு 20 லட்சம் ரூபாய். மாதம் 13,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு ஆண்டுக்கு 7,500 ரூபாய் சேரும். அப்படிப் பன்னிரண்டு பேர், ஒவ்வொருவரும் எட்டு ஆண்டு பழையவர்கள் என்றால் இன்றைய தேதிக்கு நிற்கும் கடன் 7,20,000 ரூபாய். இது பெரும்பாலான கடைகளின் புத்தகத்தில் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது.

சம்பளம் என்றால் எது என்பதிலும் புதிய தொகுப்பு கை வைத்திருக்கிறது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மீதியைப் படிகளாகப் பிரித்துக் கொடுத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விலக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை சம்பளத்தோடு சேர்ந்துவிடும். மொத்தம் 20,000, அடிப்படை 6,000 என்று காட்டப்பட்டவருக்கு முன்பு ஆண்டுக்கு சுமார் 3,461 ரூபாய். இப்போது 10,000 ரூபாய்க்குக் கணக்கிட்டால் 5,769 ரூபாய். குறித்த காலத்துக்கு எழுத்து ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர்களுக்கு, மற்றவர்களுக்கு உள்ள ஐந்து ஆண்டு காத்திருப்பும் போய்விட்டது. ஓராண்டு முடித்தாலே அவர்களுக்கு விகிதப்படி உண்டு.

லாட்ஜ், காட்டேஜ் நடத்துகிறவர்கள் அதிகம் தவறும் இடம் வேறு. ஜூலை, ஆகஸ்ட் மழையில் ஆட்களை ஊருக்கு அனுப்பிவிட்டு, செப்டம்பரில் இரண்டாவது சீசனுக்குத் திரும்பக் கூப்பிடுவார்கள். "இடையில் நின்றுவிட்டார், சர்வீஸ் அறுந்துவிட்டது" என்று நினைப்பது தவறு. முந்தைய 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது தொடர்ச்சியான ஓராண்டுதான். அதே கணக்கை ஐந்தாம் ஆண்டுக்கும் பொருத்தி, நான்கு ஆண்டும் 240 நாளும் முடித்தவருக்கே கிராஜுட்டி உரிமை உண்டு என்று மெட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு சீசனுக்கு ஏழு நாள் சம்பளம் என்ற குறைந்த கணக்கு பருவகால நிறுவனங்களுக்கானது. ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும் லாட்ஜ் அதைப் பிடித்துக்கொள்ள முடியாது. மரணம், உடல் ஊனம் என்றால் ஐந்து ஆண்டு நிபந்தனையே இல்லை.

இனி வரி. வருமான வரிச் சட்டம் 2025 ஐ அரசு 2026 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்திருக்கிறது, பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. ஆடிட்டர்கள் வாயில் இன்னும் 1961 சட்டத்தின் எண்கள்தான் என்பதால் இங்கேயும் அவையே.

லாபத்தை அனுமானமாகக் காட்டி 44ஏடி வழியில் ரிட்டர்ன் போடும் கடைக்காரருக்கு இந்தப் பாலிசியால் வரி குறையாது. விற்றுமுதல் 2 கோடி வரை, ரொக்கம் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை இந்த வழி திறந்திருக்கிறது. ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம், வங்கி, யுபிஐ வழி வரவுக்கு 6 சதவீதம் லாபம் என்று காட்டினால் போதும். அந்த 6 சதவீதத்திலேயே எல்லாச் செலவும் கழிந்துவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. 90 லட்சம் ரூபாயும் யுபிஐயில் வந்த ஒரு சாக்லேட் கடைக்கு வருமானம் 5,40,000 ரூபாய். அவர் கிராஜுட்டி பாலிசிக்கு ஒரு லட்சம் கட்டினாலும் 5,40,000, கட்டாவிட்டாலும் 5,40,000. பிரீமியத்தைக் கழிக்க வேண்டுமென்று குறைந்த லாபம் காட்டினால் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும், வருமானம் வரி விலக்கு வரம்பைத் தாண்டினால் ஆடிட்டும் செய்ய வேண்டும், அடுத்த ஐந்து ஆண்டுக்கு 44ஏடி பக்கம் திரும்ப முடியாது. ஒரு லட்சம் பிரீமியத்துக்காக இதைச் செய்வது வீண். விற்பவர் இதைத் தானாகச் சொல்லமாட்டார். கேட்க வேண்டியது நாம்தான்.

சொந்தத் தோட்டத்து இலையைச் சொந்த பேக்டரியில் தூளாக்குபவர்களுக்கு வருமான வரி விதிகளில் 8 ஆம் விதி. மொத்த வருமானத்தை வியாபார வருமானம் போலக் கணக்கிட்டு, அதில் 40 சதவீதத்துக்கு மட்டுமே வரி. மீதி 60 விவசாய வருமானம். ஆகவே கட்டும் பணமும் 40 சதவீத அளவுக்குத்தான் வரியைக் குறைக்கும். 31.2 சதவீதம் வரி கட்டும் கூட்டு நிறுவனம் ஒரு லட்சம் கட்டினால் மிச்சம் 12,480 ரூபாய். வெளியிலிருந்து பச்சை இலை வாங்கி அரைக்கும் பேக்டரிக்கு முழு 31,200 ரூபாய். பழனி மலைக் காபித் தோட்டக்காரர்களுக்கும் இதே போன்ற கணக்கு உண்டு. விளைவித்த காபியைப் பதப்படுத்தி விற்றால் 25 சதவீதம், வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதம் வரிக்கு உட்படும். ஏஜென்ட் தரும் தாளில் "உங்கள் வரி மிச்சம்" என்ற கட்டத்தில் முழுத் தொகைக்கும் 31.2 சதவீதம் போட்டிருந்தால், அவர் உங்கள் தொழிலைப் பார்க்காமல் போட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

புத்தகம் வைத்து, முறையாகக் கழிவு கோருபவர்களுக்குப் பாலிசி நன்றாகவே உதவுகிறது. கிராஜுட்டிக்காக நீங்களே ஒரு தொகையை ஒதுக்கிவைத்துச் செலவாக எழுதினால் 40ஏ(7) அதை ஏற்காது. அங்கீகாரம் பெற்ற கிராஜுட்டி நிதியில் உண்மையாகக் கட்டினால் ஏற்கும். கட்டுவதும் 43பி படி ரிட்டர்ன் கெடுவுக்குள் நடந்திருக்க வேண்டும், எழுதிவைத்தது போதாது. நிதியில் சேரும் வட்டிக்கு வரி இல்லை. தொழிலாளிக்கு அந்த ஆண்டில் சம்பளத்தோடு சேராது, கடைசியில் கையில் வரும்போது 20 லட்சம் வரை விலக்கு.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பாலிசி எடுக்காதவர்களும் கழிவை ஒரேயடியாக இழப்பதில்லை. ஒருவர் ஓய்வுபெறும் ஆண்டில் கொடுக்கும் கிராஜுட்டி அந்த ஆண்டுச் செலவாக ஏற்கப்படும். வித்தியாசம் எந்த ஆண்டில் என்பதுதான். முப்பது ஆண்டு பழைய டீ மேக்கர் ஒருவர் 2,25,000 ரூபாயோடு போகும் ஆண்டு, இலை விலையும் தூள் விலையும் விழுந்த ஆண்டாக இருந்தால் கழிப்பதற்கு லாபம் இருக்காது. கொடுப்பதற்குப் பணமும் இருக்காது. இந்த இரண்டாவது பிரச்சினைக்குத்தான் பாலிசி மருந்து. வரிக்காக அல்ல, வேலை பார்த்தவரின் பணம் நம் சீசன் வருமானத்தோடு கலக்காமல் தனியே இருப்பதற்காக இதை எடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 44ஏடி கடைக்காரருக்கும் இது பொருந்தும்.

டிரஸ்ட் என்ற சொல்லைக் கேட்டே பலர் பின்வாங்குகிறார்கள். வேலை உண்டு, ஆனால் ஒருமுறை செய்வது. திரும்பப் பெற முடியாத அறக்கட்டளைப் பத்திரம், நிதியின் விதிகள், குறைந்தது இரண்டு அறங்காவலர்கள், டிரஸ்ட் பெயரில் பான், வங்கிக் கணக்கு. பத்திரத்தின் மாதிரியைக் காப்பீட்டு நிறுவனமே தரும். அதை எடுத்துக்கொண்டு வருமான வரி ஆணையரிடம் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல கடைகளில் பாலிசி ஓடுகிறது, பிரீமியம் போகிறது, அங்கீகார விண்ணப்பம் மட்டும் போடப்படவே இல்லை. மாஸ்டர் பாலிசிப் பத்திரம் கையில் இருந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆடிட்டில் அந்தக் கேள்வி வரும்போது கழிவு தடுமாறும். கோவை டெக்ஸ்டூல் நிறுவன வழக்கில், பணத்தை டிரஸ்ட் வழியாக அனுப்பாமல் நேரே எல்ஐசிக்குக் கட்டியதையும் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அங்கே அந்தத் தொகை அங்கீகாரம் பெற்ற நிதிக்காகப் போய்ச் சேர்ந்தது. அங்கீகாரமே இல்லாதவர்கள் அந்தத் தீர்ப்பை நம்பி உட்காரக் கூடாது.

ஆண்டுப் பங்களிப்பு சம்பளத்தில் 8.33 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 13,000 ரூபாய்க்காரருக்கு ஆண்டுச் சம்பளம் 1,56,000, அதில் 8.33 சதவீதம் 12,995 ரூபாய். தேவை 7,500 தான் என்பதால் வரம்பு இடிக்காது. பழைய சர்வீஸுக்கான தொடக்கத் தொகைக்கும், கடந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அதே 8.33 சதவீதம் என்று தனி வரம்பு உண்டு. மேலே சொன்ன 7,20,000 ரூபாயை ஒரே மூச்சில் கட்ட வேண்டியதில்லை. எத்தனை தவணை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாலிசி எடுத்தாகிவிட்டது, இனி கவலையில்லை என்று இருந்துவிடக் கூடாது. நிதியில் இருக்கும் அளவுக்குத்தான் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும், பற்றாததை முதலாளி கையிலிருந்து போட வேண்டும். பற்றாக்குறை வருவது பெரும்பாலும் சம்பள உயர்வால். 13,000 ரூபாயிலிருந்து 14,300 ரூபாய்க்கு உயர்த்தினால், பன்னிரண்டு ஆண்டு பழையவருக்கு அந்த ஒரு உயர்விலேயே கடன் 9,000 ரூபாய் ஏறுகிறது, ஏனென்றால் பழைய ஆண்டுகளும் புதிய சம்பளத்தில்தான் கணக்காகும். உயர்வு கொடுத்த மாதமே பட்டியலைப் புதுப்பித்து அனுப்பாதவர்களுக்கு இந்த வித்தியாசம் ஓய்வு நாளில்தான் கண்ணில் படும்.

பட்டியலில் வேறு பிழைகளும் வரும். ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருப்பவர்கள் அதிகம். உண்மையான தேதி பள்ளிச் சான்றிதழில் வேறாக இருந்தால் இப்போதே சரிசெய்ய வேண்டும், இறந்த பிறகு வாரிசுகளால் முடியாது. வேலையை விட்டுப் போனவரின் பெயரை நீக்காமல் விட்டால் அவருக்கும் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் போய்க்கொண்டிருக்கும். சேர்ந்த தேதியைப் பாலிசி தொடங்கிய தேதியாக எழுதிவிடுவது மிகப் பெரிய பிழை; பழைய ஆண்டுகள் எல்லாம் காகிதத்தில் காணாமல் போகும். வாரிசு நியமனப் படிவத்தை ஒவ்வொருவரிடமும் கையெழுத்தோடு வாங்கி, ஒரு நகலை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

இந்தப் பாலிசியில் மிகவும் பிடித்த அம்சம் அந்த ஆயுள் காப்பீட்டுப் பகுதிதான். வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்தால், இதுவரை சேர்ந்த கிராஜுட்டியோடு, ஓய்வு வரை பார்த்திருக்கக்கூடிய சர்வீஸுக்கான தொகையும் திட்ட விதிப்படி குடும்பத்துக்குச் சேரும். மூன்று ஆண்டு சர்வீஸில் போன இளம் டிரைவரின் குடும்பத்துக்கு இது பெரிய தொகை. இதற்கான பிரீமியம் பன்னிரண்டு பேர் கடைக்குச் சிறியது. 2025 செப்டம்பர் 22 முதல் வந்த ஜிஎஸ்டி விலக்கு தனிநபர் பாலிசிகளுக்குத்தான், குழு பாலிசிக்கு 18 சதவீதம் தொடர்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. வட்டி விகிதம் ஆண்டுக்காண்டு அறிவிக்கப்படுவது. நிதியின் அளவு சிறிதானால் விகிதமும் குறையலாம். உங்கள் அளவிலான நிதிக்குக் கடந்த ஐந்து ஆண்டில் கொடுத்த விகிதத்தை எழுத்தில் கேளுங்கள். பாதியில் வேறு நிறுவனத்துக்கு மாற்றினால் சந்தை மதிப்புச் சரிக்கட்டல் என்ற பெயரில் பிடித்தம் வரலாம். நிதியில் போட்ட பணத்தை முதலாளி எந்த அவசரத்துக்கும் திரும்ப எடுக்க முடியாது, அதை அடகு வைக்கவும் முடியாது. தொழிலாளி போனதும் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டிய பொறுப்பும் முதலாளியுடையதே. காப்பீட்டு நிறுவனம் தாமதித்தது என்பது சாக்காகாது. மொத்தத்தில் இந்தப் பாலிசிக்கு ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தரலாம். புத்தகம் வைத்து வெளி இலை அரைக்கும் பேக்டரிக்கு நான்கு.

கிராஜுட்டியோடு சேர்த்தே விற்கப்படும் பிஎஃப் ஆலோசனைச் சேவை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வரியில் உண்மையான அடி விழுவது அங்கேதான். இருபது பேரைத் தொட்டால் பிஎஃப் கட்டாயம், ஒப்பந்ததாரர் வழி வந்த ஆட்களும் சேர்த்தி. 15,000 ரூபாய் சம்பளத்துக்கு முதலாளி பங்கு 1,800, இடிஎல்ஐ காப்பீட்டுக்கு 75, நிர்வாகக் கட்டணம் 75, ஆக 1,950 ரூபாய். நிர்வாகக் கட்டணத்துக்கு நிறுவனத்துக்கு மாதம் குறைந்தபட்சம் 500 ரூபாய் உண்டு. கெடு அடுத்த மாதம் 15 ஆம் தேதி. முதலாளி பங்கு தாமதமானாலும் ரிட்டர்ன் கெடுவுக்குள் கட்டிவிட்டால் வரிக் கழிவு பிழைக்கும். தொழிலாளியிடம் பிடித்த பங்கு அப்படி அல்ல. செக்மேட் சர்வீசஸ் வழக்கில் 2022 அக்டோபர் 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னபடி, 1961 சட்டத்தின் கீழ் வரும் ஆண்டுகளுக்கு 15 ஆம் தேதி தாண்டினால் அந்தத் தொகை நிரந்தரமாக வருமானத்தில் சேர்ந்துவிடும். 25 பேருக்கு 15,000 வீதம் 12 சதவீதம் பிடித்தால் 45,000 ரூபாய். ஒரே ஒரு மாதம், ஒரே ஒரு நாள் தாமதம், கூட்டு நிறுவனத்துக்கு வரி 14,040 ரூபாய். இதற்கு மேல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும், 2024 ஜூன் 14 முதல் மாதம் ஒரு சதவீதம் என்று மாற்றப்பட்ட அபராதமும் தனி.

மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் ஒன்றாகப் போகும் மலை இது. 14 ஆம் தேதி இரவு சலான் போடுகிற ஆலோசகரை மாற்றிவிடுங்கள். ஏழாம் தேதிக்குள் சம்பளப் பட்டியல், பத்தாம் தேதிக்குள் பணம் என்று எழுதி ஒப்புக்கொள்பவரே வேண்டும். மாதாமாதம் சலான் நகலைக் கேட்டு வாங்கி, பணம் வங்கியிலிருந்து போன தேதியைப் பாருங்கள். சலான் உருவாக்கிய தேதி பணம் கட்டிய தேதி ஆகாது. 2025 ஆகஸ்ட் 1 முதல் தொழிலாளிக்கு யுஏஎன் என்ற நிரந்தர பிஎஃப் எண் புதிதாக எடுக்க, அரசின் உமாங் செயலியில் தொழிலாளியின் முகம் பதிவாக வேண்டும். எஸ்டேட் லைனில் சிக்னல் கிடைக்காத இடங்களில் இது நின்றுபோகிறது. வேலைக்குச் சேரும் நாளிலேயே டவுனில் முடித்துவிடுவது நல்லது. ஆதாரில் இனிஷியல் விரிந்து தந்தை பெயராக இருந்து, கடைப் பட்டியலில் வெறும் இனிஷியலாக இருந்தால் பெயர் பொருந்தாது. இப்படிச் சிக்கியவற்றைத் தீர்க்கக் கோவை பிஎஃப் அலுவலகத்துக்கு இறங்குவதற்கு முன், ஒவ்வொரு மாதமும் 27 ஆம் தேதி மாவட்டத்தில் நடக்கும் நிதி ஆப்கே நிகட் என்ற பிஎஃப் குறைதீர் முகாமுக்குக் காகிதங்களோடு போய்ப் பாருங்கள்.

புதிதாக ஆள் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை சேர்க்கப்படும் கூடுதல் ஆட்களுக்கு, பிரதமர் விக்சித் பாரத் ரோஜ்கார் திட்டத்தில் ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் வரை இரண்டு ஆண்டு கிடைக்கும். ஐம்பது பேருக்குக் குறைந்த நிறுவனம் குறைந்தது இரண்டு பேரைக் கூட்ட வேண்டும், ஆறு மாதம் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும். சீசனுக்கு மட்டும் வருபவர்களை வைத்து இதைக் கேட்க முடியாது. வரும் தொகை முதலாளியின் வருமானத்தில் சேரும்.

என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டத்தையும் இதோடு சேர்த்து விற்கிறார்கள். முதலாளி பங்களிப்புக்குப் புதிய வரி முறையில் சம்பளத்தில் 14 சதவீதம் வரை தொழிலாளிக்குக் கழிவு உண்டு என்பது உண்மை. ஆனால் 12 லட்சம் வரை வரியே இல்லாத இடத்தில் பேக்கரி ஊழியருக்கு அந்தக் கழிவால் பயன் இல்லை. மேனேஜருக்குப் பேசலாம். குழு மருத்துவக் காப்பீடு அப்படியல்ல, எல்லோருக்கும் பயன்; பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டாமல் வங்கி வழியே கட்டினால்தான் கழிவு. தனி உரிமையாளரும் பங்குதாரர்களும் தங்களையே ஊழியர் பட்டியலில் சேர்த்து கிராஜுட்டியும் பிஎஃப்பும் கோர முடியாது. கம்பெனியின் சம்பளம் வாங்கும் இயக்குநர் சேரலாம்.

பாலிசி தொடங்கும் தேதியை ஏஜென்ட் மார்ச் கடைசியில் வைக்கச் சொல்வார். புதுப்பிப்பும் ஆண்டுதோறும் அதே தேதியில்தான் வரும். லாட்ஜுக்கும் சாக்லேட் கடைக்கும் மார்ச் வறண்ட மாதம்; ஜூன் 1 என்று வைத்தால் மே சீசன் பணம் வங்கியில் இருக்கும்போதே பிரீமியம் போய்விடும், அதே நிதியாண்டின் கழிவும் கிடைக்கும்.